முன்மெசினும் திருவலையும்

இந்தக் கதையைப் பல வருசமாக நான் நம்பவில்லை. சொன்னவர் அயல்வீட்டுக் கமலேஸ்வரி அக்கா. கதையோ அவர் தன் புருசனை வென்ற கதை. வென்றவர் வாயால் கேட்டதை எவ்வளவுக்கு நம்பலாம்? நம்பாதது என் குறையா என்றும் யோசித்திருக்கிறேன்.

சமாதான காலம். வவுனியாவில் அக்காவின் புருசன் முத்துலிங்கத்தார் வீட்டில் இரண்டு கொம்பியூட்டர், ஒரு போன் லைன். முன்விறாந்தை மெசினில் கமலேஸ்வரியின் தையல்கடை இணையப் பக்கம். அறைக்குள் இருந்த மெசினில் முத்துலிங்கத்தாரின் கவிதைகள். கனடாக்காரரும் லண்டன்காரரும் விறாந்தையில் சட்டை மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். கவிதை அறைக்குள் கிடந்து புழுங்கியது.

ஆகவே அவர் ரிவேர்ஸ் ப்ரொக்சி போட்டார்.

"அதென்னப்பா?"

"ஆர் வந்தாலும் முன்மெசினிட்டைத்தான் கேப்பினம். கவிதை கேட்டால் அது அறைக்குள்ள ஓடிவந்து எடுத்துக்கொண்டுபோய்க் குடுக்கும். வந்தவைக்கு அறை இருக்கிறதே தெரியாது."

"அப்ப என்னைப் போல. உங்களைத் தேடி ஆர் வந்தாலும் படலையடியில நான்தானே மறுமொழி சொல்லுறன்."

"நீர் என்ர கவிதை ஒண்டையாவது வாசிச்சனீரே?"

"அந்த நேரத்துக்கு ஒரு கட்டு முருங்கையிலை உருவிப்போடுவன்."

அவருக்கு இருந்த பெரிய குறை அதுதான். மனிசிக்கு இருந்த பெரிய குறை, மனிசன் திருவலையில் குந்தாதது. கவி எழுதும் கை தேங்காய் திருவாது என்பது அவருடைய சபதம்.

ஒரு கிழமை கழித்து அறைமெசினின் வருகைப் பதிவைத் திறந்தார். வருகையென்றால் வருகை! யார் என்று விலாசத்தைப் பார்த்தார். மேலே இருந்து கீழே வரைக்கும் ஒரே விலாசம்: முன்விறாந்தை மெசின். அதன் முன்னால் குந்துவது உலகத்தில் ஒருத்திதான். முத்துலிங்கத்தாருக்குக் கண் கலங்கியது. நேரே குசினிக்குப் போனார்.

"எல்லாம் தெரியும். ஒளிச்சு ஒளிச்சு வாசிக்கிறீர்."

"என்னத்தை?"

"வெக்கப்படாதையும். தள்ளும் அங்கால." திருவலையில் குந்திவிட்டார்.

மற்ற நாள், கொம்பியூட்டர் தெரிந்த தன் தம்பி கணபதியைக் கமலேஸ்வரி பிடித்துக் கேட்டார்.

"அறைக்குள்ள போய்க் கேக்கிறது முன்மெசின்தானே அக்கா. கனடாவில இருந்து வந்தாலும் அதின்ர விலாசம்தான் விழும். ஒரு வரி மாத்தினால் உண்மையான விலாசம் தெரியும். மாத்தட்டே?"

"கையை எடடா! இண்டைக்குப் பால்சொதி."

முத்துலிங்கத்தார் சொதிக்குத் திருவினார், சம்பலுக்குத் திருவினார், பிட்டுக்குத் திருவினார். மாரியில் போன் லைன் அறுந்து கிடந்தபோதும் பதிவைப் பார்த்துவிட்டு வந்து திருவினார். அடுத்த தைப்பொங்கலுக்கு வந்த கணபதி, திருவலையில் அத்தானைக் கண்டதும் சிரிப்பு அடக்கமுடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

பாதி திருவின தேங்காயோடு அவர் நிமிர்ந்தார். "அப்ப நீர் வாசிக்கேல்லையே?"

"மிச்சப் பாதியையும் திருவுங்கோப்பா."

கதை அவ்வளவுதான் என்று அக்கா எப்போதும் சிரிப்பார். எனக்கு ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த மாரியில லைன் அறுந்து கிடக்கேக்க வெளியில இருந்து ஒரு ஈ கூட உள்ளுக்கு வந்திருக்கேலாது. அப்பவும் முன்மெசினில இருந்து நாள் தவறாமல் கவிதை கேட்டு வந்தது எண்டு முத்துலிங்கம் அண்ணை சத்தியம் பண்ணுறார். அது ஆர்?"