பழுதா, ரிப்பேரா

என் காது கேட்கவில்லை என்பது என் மனைவிக்குத் தெரியக் கூடாது. எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில் நான் எடுத்த தீர்மானம் இது. ஊரில் வேறு யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. திருவண்ணாமலை மலைக்கே தெரியட்டும். தர்மவதிக்கு மட்டும் தெரியக் கூடாது.

காரணம் இருந்தது. அவளுடைய அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து கத்திக் கத்தியே வளர்ந்தவள் அவள். நான் பெண் பார்க்கப் போனபோது உள்ளே யாரிடமோ, "அவருக்குக் காபி ஆறிப் போச்சானு கேளுங்க" என்று மெல்லச் சொன்னாள். "ஆறலை, சூடா இருக்குது" என்று கூடத்திலிருந்தே நான் பதில் சொன்னேன். அந்த இடத்திலேயே சம்மதம் என்றுவிட்டாளாம். "உங்ககிட்ட மெல்லப் பேசினாப் போதும். அதுவே எனக்குப் பெரிய சுகம்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். மற்றப் பெண்கள் புருஷனிடம் நகை கேட்பார்கள். இவள் என்னிடம் கேட்டதெல்லாம் என் காது கேட்பதைத்தான்.

இப்போது அதுவும் போய்க்கொண்டிருந்தது. இடது காது முழுசாக அவுட். வலது காது பாதி. முகத்துக்கு நேரே பக்கத்தில் நின்று பேசினால், உதட்டையும் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் பேசினால் "ஆமாம்" என்பேன். கல்யாணமான ஆண்பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வெகு தூரம் போகலாம். நான் ஒரு வருஷம் போனேன்.

மாட்டிவிட்டது ரேடியோ. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் அவள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்காருவாள். "இது யார் பாடறது, சொல்லுங்க" என்பாள். முன்பெல்லாம் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். இப்போது எனக்குக் கேட்பதெல்லாம் டப்பாவுக்குள் மாட்டிய கொசுவின் சத்தம். ஒரு நாள் தைரியமாக, "யாரோ புதுசு. ஆனா நல்லா பாடறாங்க" என்றேன்.

"மல்லாட்டை விலை சொல்றாங்க" என்றாள்.

வேர்க்கடலைச் சந்தை நிலவரம். அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் அடுத்த வீட்டுக் காசியம்மாளோடு கடைக்குப் போன சமயம் பார்த்து, ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றினேன். கண்ணில் பட்ட ஒயர் ஒன்றைக் கத்தரித்தேன். மூடி வைத்துவிட்டுக் கைகழுவினேன். சாயங்காலம் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, ரேடியோ பாட மாட்டேங்குது."

"பழுதாயிருக்கும்."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல, பழுது. ரிப்பேர்னா இங்கிலீஷ்ல சரி பண்றதுனு அர்த்தம். ஓடாம நின்னு போனதுக்குப் பேரு பழுது. ஊரே மாத்திச் சொல்லுது."

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் குமாஸ்தா. வழியில் வண்டி நின்றுவிட்டால் டிரைவர் போன் செய்வார். நான் கேட்டு, கரும்பலகையில் ஊர்ப் பெயரை எழுதி, மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்களெல்லாம் "ரிப்பேர்" என்றுதான் எழுதினார்கள். நான் வந்துதான் "பழுது" ஆக்கினேன்.

தர்மவதி யோசித்தாள். "இல்லீங்க. பழுதுனு சொன்னா அதோட முடிஞ்சுது. பரண்மேல தூக்கிப் போட்டுடுவாங்க. ரிப்பேர்னு சொன்னா, இப்போ ஓடலை, அப்புறம் ஓடும்னு அதுலயே இருக்குது."

"அகராதில அப்படி இல்ல."

"அகராதி எழுதினவங்க வீட்ல ரேடியோ இருந்திருக்காது" என்றாள். "பலராமன் கடையில குடுத்துப் பாக்கலாமா?"

"விசாரிச்சுட்டேன். இதுக்குப் பார்ட்ஸ் மெட்ராஸ்லேருந்து வரணுமாம். லேட்டாகும்."

தலையாட்டினாள். ரேடியோவுக்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்தவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை வெட்டிப் போட்டுவிட்டோமே என்று மனசு அரித்தது. ஆனால் அவள் வாடவில்லை. பாத்திரம் கழுவும்போது உதடு ஏதோ பாட்டை முணுமுணுப்பது தெரியும். பெண்களுக்குத்தான் எவ்வளவு மனத்திடம் என்று நினைத்துக்கொள்வேன். "ரேடியோ இல்லாம வீடு எவ்ளோ அமைதியா இருக்குது பாத்தியா" என்று ஆறுதல் சொல்வேன். "ஆமாங்க" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

வீட்டைச் சமாளித்தேன். ஆபீஸ் கவிழ்ந்தது. பங்குனியில் ஒரு நாள் காலை டிரைவர் அர்ஜுனன் போன் செய்தான். "வே" என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது. மீதியெல்லாம் இரைச்சல். எங்கள் வண்டிகள் நின்றால் வேட்டவலம் ரோட்டில்தான் ஜாஸ்தி நிற்கும். ஆகவே "வேட்டவலம், பழுது" என்று அழகாக எழுதி, மெக்கானிக்கை ஜீப்பில் அனுப்பினேன். அவர் அத்தனை தூரம் போய் வெயிலில் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். பஸ் நின்றது வேங்கிக்காலில். ஊர் எல்லை. அதில் வந்தவர்கள் காத்துப் பார்த்துவிட்டு, மூட்டை முடிச்சோடு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். கூடையில் கோழியோடு ஒரு அம்மா என் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

பின்னாலேயே அர்ஜுனன் வந்தான். திட்டுவான் என்று எழுந்து நின்றேன். அவன் திட்டவில்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, "வேங்... கிக்... கால்... சார்" என்றான். என் மாமனாரிடம் ஊரார் அப்படித்தான் பேசுவார்கள். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். "ஸ்டோர் ரூமுக்கு நம்பிக்கையான ஆள் வேணும், ஜினதாசன். டயரு, டிக்கெட்டுக் கட்டு எல்லாம் உங்க பொறுப்பு" என்றார். போன் இல்லாத அறை. வீட்டுக்கு வந்து, "எனக்குப் பிரமோஷன்" என்றேன். தர்மவதி பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. மத்தியானமே ஆபீஸ் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது தர்மவதி சமையலறை வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உறை கழற்றிய ரேடியோ. அவளுடைய வலது பாதம் தாளம் போட்டது. என் மனசில் தாளம் தப்பியது. மெல்லக் குனிந்து ரேடியோவின் மேல் கையை வைத்தேன். அது உள்ளங்கையில் புறாக்குஞ்சு மாதிரி துடித்தது.

அவள் திரும்பினாள். ஒன்றும் பதறவில்லை. மடியிலிருந்த தோலை உதறிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"எப்போ சரி பண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க வெட்டின மறுநாளே. ஒயரு தானா அறுந்தது இல்லம்மா, யாரோ கத்தரிச்சிருக்காங்கனு பலராமன் சொன்னாரு. எலியா இருக்கும்னேன்."

"அப்போலேருந்து பாடிட்டேவா இருக்குது?"

"தினமும்தான். நீங்க சாப்பிடறப்போ உங்க தலைக்கு மேல மெல்லப் பாடும்."

அமைதியான வீடு என்று நான் ஆறுதல் சொன்னபோதெல்லாம் என் உச்சந்தலைக்கு மேல் கச்சேரி நடந்திருக்கிறது. எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தேன். அவளும் என் முகம் தெரியும்படி எதிரில் உட்கார்ந்தாள்.

"மல்லாட்டை விலையிலேயே கண்டுபிடிச்சுட்டியா?"

"அதுக்கும் முன்னாடியே. ஒரு நாள் கொல்லையில நின்னுட்டிருந்தீங்க. பின்னாலேருந்து கூப்பிட்டேன். திரும்பலை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எங்கப்பாவோட அதே முதுகு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போய் அழுதுட்டு வந்து உங்களுக்குச் சோறு போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க. அதை ஏன் கெடுக்கணும்?"

எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "என் பிரமோஷன்..."

"வேங்கிக்கால் விஷயம் காசியம்மா வந்து சொன்னாங்க. முதலாளி வீட்டம்மாவைப் போய்ப் பாத்தேன். போன் இல்லாத இடமா பாத்துப் போடுங்க, நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம்னேன்."

"அப்புறம் பாயசம் எதுக்கு வச்சே?"

"வேலை போகலையேனு வச்சேன்" என்றாள்.

அடுத்த வாரம் வேலூருக்கு அழைத்துப்போனாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஏதேதோ மணியடித்துப் பார்த்தார். கடைசியில் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். நரம்பு போய்விட்டதாம். மருந்து இல்லையாம். மிச்சமிருப்பதும் மெல்ல மெல்லக் கம்மியாகுமாம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். போளூர் தாண்டி, தூரத்தில் மலை தெரிந்தபோது நான் சொன்னேன்: "நான் சொன்ன வார்த்தைதான் சரி. என் காது பழுது."

அவள் உதடு அசைந்தது. முகம் ஜன்னல் பக்கம் இருந்ததால் புரியவில்லை.

"என்ன சொன்னே?"

திரும்பி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்த வேண்டியிருந்ததில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "ரிப்பேர்னுதான் சொல்லுவேன்னேன்."

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எங்கம்மா ரிப்பேரு? வண்டி நல்லாத்தானே ஓடிட்டிருக்குது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தர்மவதியும் சிரித்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. முந்தானையை எடுக்க ஊர் வரைக்கும் ஆயிற்று.

அன்றிலிருந்து அவள் என்னிடம் கத்தித்தான் பேசுகிறாள். கீரை வாங்கி வரச் சொன்னால் தெருக்கோடி கீரைக்காரிக்கே கேட்டுவிடுகிறது. நான் போவதற்குள் எடுத்து வைத்திருக்கிறாள். என்னைத் திட்டும்போது மட்டும் பழைய மாதிரி மெல்லத் திட்டுகிறாளாம். என்ன திட்டினாள் என்று காசியம்மாள்தான் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள்.