சில நேரம் பிடிக்காத பிரேக்கும் மச்சானின் மீன்குட்டையும்

முழுசாகக் கெட்டுப்போன பொருளோடு மனிதன் நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். சுற்றாத மின்விசிறிக்குக் கீழே யாரும் பாய் விரிப்பதில்லை. அவ்வப்போது மட்டும் கெட்டுப்போகிற பொருள்தான் குடும்பத்தைக் கெடுக்கும். கெட்டிருக்கிறது என்பார் ஒருவர், இல்லவே இல்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். இது எனக்குப் புரிவதற்குள் என் மச்சான் அந்தோணியின் மீன்குட்டை காலியாகிவிட்டது.

அந்தோணி என் மனைவி மெர்சியின் தம்பி. கரியமாணிக்கத்தில் அவர்கள் நிலத்தின் ஒரு மூலையில் குட்டை வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தான். எனக்கு வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை. இருவரும் சேர்ந்து பாகூர் பக்கம் ஒரு கரும்பு விவசாயியிடமிருந்து பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். அவனுக்கு மீன் தீவன மூட்டை ஏற்ற வண்டி வேண்டும். எனக்குக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஓட்ட ஒரு வண்டி வேண்டும். (சேறு, வரப்பு, மேடு எதிலும் ஏறும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் ஏற்றிய பெரிய மேடு மார்க்கெட் தெரு வேகத்தடை.)

வாங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தோணியிடமிருந்து போன்.

"மாமா, வண்டில பிரேக் புடிக்கல மாமா. மெரிச்சா பெடல் அடி வரைக்கும் போவுது."

"இப்பவுமா?"

"இப்ப புடிக்குது."

"அப்புறம் இன்னாடா?"

"அப்ப புடிக்கலயே மாமா!"

வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கடை வாசலில் ஒரு சுற்று சுற்றிவந்து சாவியை நீட்டினார். "இன்னா சார், கல்லாட்டம் நிக்குது. ஆயில் ஒழுவல. இத்தப் போயி ரிப்பேருன்றீங்க."

அடுத்த வாரம் மறுபடி போன். நெட்டப்பாக்கம் தாண்டி மாடு குறுக்கே வந்ததாம். பிரேக் பிடிக்காமல், வண்டியை வைக்கோல் போரில் விட்டு நிறுத்தினானாம். மறுநாள் காலை நானே போய் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது.

அன்றுதான் எனக்குள் இருந்த நிபுணன் விழித்துக்கொண்டான். என் கடையில் மெஷின் பேப்பரைக் கடித்தால் நான் மெஷினைத் திறக்க மாட்டேன். பட்டனைத் தட்டியது யார் என்று பார்ப்பேன். அதே முறையை ஜீப்புக்கும் வைத்தேன். அந்தோணி ஓட்டினால் பிடிக்கவில்லை. நான் ஓட்டினால் பிடிக்கிறது. ஆகவே கோளாறு பிரேக்கில் இல்லை, அந்தோணியில் இருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பை மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சபையில் வெளியிட்டேன்.

"பிரேக்ல ஒண்ணும் இல்ல. இவன் கால்லதான் கீது. பெடல் மேலயே கால வெச்சிகினு ஓட்டறான்."

"அவன் லாரியே ஓட்டுனவன்ங்க" என்றாள் மெர்சி.

"அதான் சொல்றேன். லாரிக் காலு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணி இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். கொஞ்சம் கழித்து, "தூரமா ஓட்டியாந்தா ஒரு தீஞ்ச வாடை வருது மாமா" என்றான் மெதுவாக.

"அது உன் தீவன மூட்டை வாடைடா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஒரே பந்தியில் இரண்டு முறை சிரிக்க வைத்த பெருமையில் நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கினேன்.

குட்டையில் மீன் பிடிக்க வேண்டிய நாள் வந்தது. மறுநாள் விடியும்போது புதுச்சேரியிலிருந்து வியாபாரியின் வண்டி வருவதாக ஏற்பாடு. அன்று மதியம் அந்தோணி டவுனுக்குப் போய் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு, வழியில் என்னையும் கூட்டிக்கொண்டான். கரியமாணிக்கத்தில் நிலத்துக்கு இறங்குகிற திருப்பத்தில் கியரைக் குறைத்து, வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினான்.

"மாமா, பெடல் எறங்குது. கொஞ்ச நேரம் ஆறட்டும். அப்பறமா எறக்கலாம்."

"எறங்குடா" என்றேன். "நா ஓட்டிக் காட்டறேன்."

"வேணாம் மாமா. கீழ மதகு கீது."

நான் ஏற்கெனவே கூலிங்கிளாஸை எடுத்து மாட்டிவிட்டேன்.

ரோட்டிலிருந்து நிலத்துக்கு ஒரு சரிவு. சரிவு முடிகிற இடத்தில் குட்டையின் கரை. கரையில், தண்ணீரைத் தேக்கி நிறுத்துகிற சின்ன மதகு. அந்தோணி பக்கத்திலேயே நடந்து வந்தான். நான் தலையை வெளியே நீட்டி, "பாரு, நுனிக்கால்ல, பூ மாதிரி மெரிக்கணும்" என்று சொல்லி மிதித்தேன்.

கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி பெடல் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், அதேதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது பாட்டுக்கு மேலே வந்தது, வண்டி பாட்டுக்குக் கீழே போனது. கடைசியில் என் அறிவுக்கு எட்டிய ஒரே காரியத்தைச் செய்தேன். விடாமல் ஹாரன் அடித்தேன். (எதிரே விலக வேண்டியவை மீன்கள் மட்டும்தான்.)

மதகு உடைந்தது. ஜீப் மூக்கைத் தண்ணீரில் நுழைத்துச் சாய்ந்து நின்றது. முன்பக்க இடது சக்கரத்திலிருந்து, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருகிற சத்தம் வந்தது. சுர்ரென்று ஆவி எழுந்தது.

அந்தச் சத்தத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. பிரேக் அந்தச் சக்கரத்தில் விடாமல் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. தூரம் ஓட ஓடத் தேய்ந்து சூடேறி, உள்ளே இருக்கிற ஆயில் கொதித்து ஆவியாகி, பெடலுக்குப் பிடிமானம் இல்லாமல் போயிருக்கிறது. ஆறினால் பழையபடி பிடிக்கும். அந்தோணி சுமையோடு டவுனிலிருந்து ஓட்டினான். நான் ஆறிய வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினேன்.

புரிந்த நேரத்தில் தண்ணீர் பக்கத்து வாய்க்காலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தோணி உடைப்பில் குதித்து சாக்கு, கல், வலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து அடைத்தான். கடைசியில் தானே முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். மீன்கள் அவன் தோளைத் தாண்டிக் குதித்துப் போயின.

ஊரே திரண்டு வந்துவிட்டது. கொசுவலை, குடம், புடவை, பிளாஸ்டிக் கூடை, எல்லாம் வாய்க்காலில் இறங்கின. "ஜீப்பு உட்டு மீனு புடிக்கிறாருடி சாரு!" என்று ஒரு பெண் கத்தினாள். ஒரு பெரியவர் கரையேறி வந்து, துள்ளுகிற கட்லா ஒன்றை என்னிடம் நீட்டினார். "இந்தா சார், ஒனக்கும் ஒண்ணு." நான் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தோணி சேறு சொட்ட மேலே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஒங்களுக்கு அடி ஒண்ணும் படலியே மாமா?" என்றான்.

அன்று சாயங்காலம் தெரு முழுக்க மீன்குழம்பு வாசனை. மாமியார் வீட்டில் மட்டும் ரசம். காலையில் வியாபாரி வந்து சேற்றை எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜீப்புக்கு அந்தச் சக்கரத்து பிரேக்கைப் பிரித்துச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றினார்கள். அவ்வளவுதான் வேலை. அதற்குப் பிறகு பிரேக் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. அந்தோணி மறுபடி மீன் விடவில்லை. குட்டையை மூடிச் சவுக்கு நட்டுவிட்டு, ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான்.

இப்போதும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது என் பிள்ளைகள் அவனை விடுவதில்லை. "மாமா, அப்பா மீனுக்கு ஹாரன் அடிச்சத சொல்லு மாமா!" அவனும் சொல்வான். ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல உட்கார்ந்து, கண்ணை உருட்டி, பாம் பாம் என்று அடித்துக் காட்டுவான். மெர்சிக்குப் புரையேறும். ஆனால் லாரிக்கால் என்று நான் சொன்னதை அவன் கதையில் ஒருமுறைகூடச் சேர்த்ததில்லை. "அன்னிக்குன்னு பாத்து பிரேக் புடிக்கல, பாவம், மாமா இன்னா பண்ணுவாரு" என்றுதான் முடிப்பான்.

போன கிறிஸ்துமஸுக்கு, எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் வாயைத் திறந்தேன். "இல்லடா அந்தோணி, நீ முன்னாடியே சொன்ன. நாந்தான்..."

அவன் குழம்புச் சட்டியை இழுத்து என் இலையில் ஒரு பெரிய துண்டை வைத்தான்.

"சாப்புடுங்க மாமா. முள்ளு பாத்து."