முட்டாள் நிலையில் ஒரு மன்னன்

புத்தகத்தைப் படித்தே நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆற்றில் இறங்கிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. நான் புத்தகத்தைப் படித்து வாள்சண்டை கற்றுக்கொண்டவன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பள்ளிக்கூடம்தான் போயிற்று.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. போளூர்ப் பக்கத்துக்காரனான என்னை ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் போட்டிருந்தார்கள். பள்ளி என்றால் புல் வேய்ந்த ஒரு கொட்டகை. பதிவேட்டில் பதினோரு பிள்ளைகள். மற்ற பிள்ளைகள் எல்லாம் மாட்டுக்குப் பின்னாலும் சாமைக் கொல்லையிலும் இருந்தார்கள். ஒரு நாள் கடிதம் வந்தது. கல்வி அதிகாரி அடுத்த மாதம் பார்வையிட வருகிறார். இருபது பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வேறு ஊருக்குப் போக இரண்டு ஓடைகளைத் தாண்ட வேண்டும். என் பதினோரு பேரில் ஒருவரும் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தவன் நான். விட்டுவிட மனசு வரவில்லை. (பள்ளி போய் என்னை மலைக்குக் கீழே மாற்றினால் அம்மா கைச்சோறு கிடைக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய். தினமும் மூன்று வேளை தோன்றியது.)

பெற்றோர் கூட்டம் போட்டேன். ஒரு நாய் வந்தது. அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது.

அப்போதுதான் அந்த விபரீத யோசனை வந்தது. அதிகாரி வரும் அன்று ஒரு வாள்சண்டை நாடகம் போட்டால் ஊரே வரும். வந்தவர்களிடம் அவர் முன்னாலேயே பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுவிடலாம்.

வாள்சண்டைக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. திருப்பத்தூரில் பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஒரு வெள்ளைக்காரப் புத்தகம். நீளமான வாளை இரண்டு கையாலும் பிடித்துச் சண்டை போடுவது எப்படி என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர். வாளைத் தலைக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி நீட்டினால் எருது. இடுப்பருகே வைத்து முனையை எதிரியின் முகத்துக்கு நேரே காட்டினால் ஏர். முனையைத் தரையை நோக்கித் தாழ்த்தி அப்பாவி போல நின்றால் அதற்குப் பெயர் முட்டாள். எதிரி ஏமாந்து அடிக்க வருவான். கீழேயிருந்து வாளை விருட்டென்று தூக்கி அவனை முடித்துவிடலாம்.

மன்னன் நான். எதிரியாகச் சடையனைப் பிடித்தேன். என் வயதுதான். பள்ளிக்கு எதிர்வீடு. ஊரிலேயே பலசாலி. அவனே புளியங்கிளையைச் செதுக்கி ஆள் மார்பு உயரத்துக்கு இரண்டு வாள் செய்தான். மூங்கிலில் செய்தால் போதும் என்று அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. மன்னன் கையில் மூங்கிலா? கேழ்வரகுக் கூழைத் தடவி அதன்மேல் சிகரெட் வெள்ளித்தாளை ஒட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. தூக்கினால் தோள்பட்டை கழன்றது.

ஒத்திகையில் ஏர் நிலையைக் காட்டினேன். சடையன் தலையைச் சொறிந்தான்.

"இன்னா வாத்தியாரே, ஏருன்றீங்க, ரெண்டு கையால புடிக்கிறீங்க? அப்ப மாட்ட யாரு ஓட்றது?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. மலையில் ஒரு கை மேழியில் இருக்கும், மறு கையில் கோல் இருக்கும். அந்த வெள்ளைக்காரன் ஊர் ஏருக்கு இரண்டு பிடி என்பது அப்போது எனக்கே தெரியாது.

"அங்கெல்லாம் மாடு தானாப் போவும்" என்றேன்.

"நல்ல மாடு" என்றான் சடையன்.

அந்த நாள் வந்தது. ஊரே வந்தது. மரத்தில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலாக இருந்ததால் அதிகாரிக்குக் கொட்டகைக்குள்ளேயே நாற்காலி போட்டு, அதன் வாசல் பக்கத்தை மேடையாக்கியிருந்தேன். தலையில் அட்டைக் கிரீடம். ஜிகினா ஒட்டிய வேட்டி. நானே எனக்கு அழகாகத் தெரிந்தேன்.

எருது நன்றாகவே போயிற்று. அடுத்து, "ஏர்!" என்று சடையனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். ஊரே பார்க்கிற சந்தோஷத்தில் அவனுக்குப் புத்தகம் மறந்துபோய், கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. வாளை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, எனக்குப் பின்னால் வந்து, "ஹேய், ஹேய்!" என்று மன்னனின் முதுகில் தட்டி ஓட்டினான். மன்னரும் நாலடி ஓடினார். மரத்திலிருந்து ஒருவன் சிரித்தே விழுந்தான். உள்ளேயிருந்து அதிகாரியின் சிரிப்பும் கேட்டது.

மானம் போயிற்று. மீட்க ஒரே வழிதான் இருந்தது. முட்டாள் நிலையில் நின்றேன். வாள்முனை தரையைத் தொட்டது. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். (இதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.) சடையன் அடிக்க வேண்டும். அவனோ வாளைத் தோளில் சாத்திவிட்டுச் சும்மா நின்றான்.

"அடி" என்று பல்லைக் கடித்தேன்.

"கீழ எறக்கிட்டீங்களே" என்றான்.

"பரவால்ல, அடி."

"கீழ எறக்குனவன அடிச்சா ஊர்ல எவனும் எங்கூடக் குந்திச் சாப்ட மாட்டான் வாத்தியாரே."

கூட்டத்திலிருந்து அவன் மனைவி மங்கை குரல் கொடுத்தாள். "யோவ், வாத்தியாரு தோத்துட்டாரு, வுட்டுட்டு வூட்டுக்கு வா."

ஒரு மன்னன் இதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பான்? புத்தகத்தில் இருந்தபடியே, இரண்டு கையாலும், என் முழு பலத்தையும் கூட்டி, வாளைக் கீழேயிருந்து மேலே தூக்கினேன். எதிரிதான் இல்லையே. வாள் எங்கும் நிற்காமல் நேராகப் போய்க் கொட்டகையின் வாசல் விட்டத்தில் இடித்தது. பழைய கட்டு அறுந்தது. கொட்டகைக் கால் சரிந்தது. கோழியின் மேல் கூடையைக் கவிழ்ப்பது போல, கூரை மொத்தமும் மெதுவாக இறங்கி என்னையும் அதிகாரியையும் மூடிக்கொண்டது.

உள்ளே இருட்டில் அவர் குரல் கேட்டது. "சார், நாடகம் முடிஞ்சுதா?"

யாருக்கும் அடியில்லை. புல்லைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "பிள்ளைங்களும் இல்ல, இப்பப் பள்ளிக்கூடமும் இல்ல. ஆலங்காயத்துல ரெண்டு நாள் வேலை இருக்கு. முடிச்சுட்டு இந்த வழியாத்தான் வருவேன். எதையாவது பார்த்தா எழுதறேன்."

ஜீப் போன பிறகு பலாமரத்துக்குப் பின்னால் போய், கிரீடத்தோடு அழுதேன். வெட்கத்துக்காக அழவில்லை. பள்ளியைக் காப்பாற்றப் போய் நானே இடித்துவிட்டேனே என்ற துக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் சட்டியையும் உடைத்துவிட்டது.

சடையன் தேடிக்கொண்டு வந்தான். "இன்னாத்துக்கு அழுவறீங்க? கூர வுழுந்தா கட்றது."

"யார் கட்டுவா?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். அந்த ஊரில் கூரை விழுந்தால் யாருடையது என்று கேட்கமாட்டார்களாம். வீட்டுக்கு ஒரு கட்டுப் புல், வீட்டுக்கு ஓர் ஆள். சண்டைக்காரன் வீடாக இருந்தாலும் அப்படித்தான். பழைய கொட்டகையைக் கீழேயிருந்து வந்த ஆட்கள் கட்டிவிட்டுப் போனதால், அது 'சர்க்காரு கொட்டாய்'. அதற்குள் அவர்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இது எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியாது.

மறுநாள் விடியும்போது வாசலில் புல் மலையாகக் குவிந்திருந்தது. ஆண்கள் கால் நட்டார்கள், பெண்கள் தரைக்கு மண் மிதித்தார்கள். நான் மூங்கில் பிடித்தேன். பிடித்த விதத்தைப் பார்த்துப் பயந்து, தண்ணீர் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். விட்டம் வைக்குமுன் சடையன் என்னை நிற்கவைத்து, வாளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, அதற்கும் ஒரு முழம் மேலே அளவெடுத்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கட்டி முடிந்தது. மங்கை தன் மகளை இழுத்துவந்து நடுவில் உட்கார வைத்தாள். "நாங்க மிதிச்ச தரை. எம்பொண்ணு குந்தட்டும்" என்றாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. அதிகாரி திரும்பி வந்தபோது இருபத்தாறு பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் அண்ணாந்து பார்த்து, கூரை ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டார். இருபத்தாறு பேரும் என்னைக் கைகாட்டினார்கள்.

பள்ளி அங்கேயே இருந்தது. நானும் இருந்தேன், இன்னும் ஒன்பது வருஷம். இடையில் கல்யாணமாகி, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். சடையனும் மங்கையும் பலாப்பழத்தோடு மலையிறங்கி வந்தார்கள். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்தார். நான் ஆசையாக இரண்டு கையையும் நீட்டினேன். சடையன் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து அழுத்தி, பெஞ்சில் உட்கார வைத்தான்.

"இப்பக் குடுங்கம்மா" என்றான் நர்ஸிடம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் காபி டம்ளரானாலும் சரி, பேரக்குழந்தையானாலும் சரி, என்னிடம் எதைக் கொடுப்பதென்றாலும் என் மனைவி முதலில் சொல்வது ஒன்றுதான்: "உட்கார்ந்து வாங்குங்க."