ஆல்ப்ஸுக்கு ஒரு கல்

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழுத்தடித்தால் அவமானம் குறையப்போவதில்லை.

1. ஜெர்மனியிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்கு, ரோமானியர்கள் அந்தக் காலத்தில் போட்ட சாலைத் தடத்தில், நானும் என் கணவன் கார்த்திக்கும் சைக்கிளில் போனோம்.
2. எடையைக் குறைக்க என் டூத் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன்.
3. அந்த பிரஷ் இருந்த அதே பையில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டேன்.
4. ஒரே மலையை ஒரே நாளில் இரண்டு முறை ஏறினேன்.

முதல் இரண்டு மட்டுமே திட்டத்தில் இருந்தவை.

மென்பொருள் எங்கே உடையும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது என் தொழில். ஆகவே பயணத்துக்கும் எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நம்பினேன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் கால்வாய் ஓரப் பாதையில் மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்தேன். (அங்கே மேடு என்று ஏதாவது இருந்தால் அது வாத்து கட்டிய கூடு.) அபார்ட்மென்ட் முழுக்கக் கேட்கும்படி ஒரு சபதமும் செய்திருந்தேன்: செங்குத்தான இடங்களில் சைக்கிள்காரர்களை ஏற்றிப்போக பஸ் உண்டாம், நான் ஒரு மீட்டர்கூட அதில் ஏற மாட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பக்கத்து பிளாக் சரசு ஆன்ட்டி வந்தார். ஈரோட்டுக்காரர், மகனோடு இருக்கிறார். கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் நிற்பதால் அமெரிக்காவை விட்டு நகர முடியாது. மகள் நிவேதாவோ இத்தாலியில், போல்சானோவில். குழந்தை பிறந்து ஒரு மாதம். பிரசவத்துக்குப் போக முடியாத ஆன்ட்டி துணி சுற்றிய ஒன்றை என் மடியில் வைத்தார். பிறந்த குழந்தைக்கு ஜாதிக்காய், வசம்பு எல்லாம் உரசிக் கொடுக்கும் கல்.

"நீ போற ரோட்டுலதான் எம்புள்ள இருக்கறா கண்ணு. கொரியர்ல போட்டா ஒடைச்சுப் போடுவானுங்க. நிவேதாவுக்கே இதுலதான் ஒரசுனேன். நீயே கொண்டி குடுத்துரு."

எதற்கும் 'முடியாது' என்று மின்னஞ்சலில் எழுதத் தெரிந்த எனக்கு, ஆன்ட்டிகளிடம் வாயால் சொல்லத் தெரியாது.

"மலைக்கே கல்லு கொண்டு போற ஒரே ஆளு நீதான்டி" என்றான் கார்த்திக்.

பயணத்தின் பெரிய ஏற்றம் மார்ட்டினா என்ற சுவிஸ் கிராமத்தில் தொடங்கியது. மேலே பார்த்தால் கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கார்த்திக் பார்த்தவுடனே பஸ் டிக்கெட் எடுத்துவிட்டான். நான் பஸ் நிறுத்தத்தில் இருந்த நீர்த்தொட்டியருகே பையைக் காலிசெய்து, எடையை இருபுறமும் சமமாகப் பிரித்து அடுக்கினேன்.

"கல்லையாவது என்கிட்ட குடு. பஸ்ல வெச்சு எடுத்துட்டு வரேன்."

"என் லோடு, என் சைக்கிள். நீ கிளம்பு."

ஏறினேன். ஆச்சரியம்! கால்கள் பறந்தன. ஒவ்வொரு வளைவிலும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். கால்வாய்ப் பயிற்சி வீண்போகவில்லை, உடம்பு மலைக்குப் பழகிவிட்டது, இனி என்னைப் பிடிக்க முடியாது. உச்சியில் காபியோடு உட்கார்ந்திருந்த கார்த்திக் எழுந்து கைதட்டினான்.

"சூப்பர்! இவ்ளோ சீக்கிரமா? வா, ஒரு போட்டோ. கல்லோட எடுத்து ஆன்ட்டிக்கு அனுப்பலாம்."

பையைத் திறந்தேன். டூத் பிரஷ் இருந்தது.

"கல்லு கீழயே, நீர்த்தொட்டி மேல" என்றேன்.

"விடு. இங்க ஆயிரம் கல்லு கெடக்கு. ஒண்ணு கழுவிக் குடுத்துடலாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பஸ்ல போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"வேணாம். தொலைச்சது நான்."

மெச்சிக்கொண்டே ஏறிய வளைவுகள் எல்லாம் நொடியில் பின்னால் ஓடின. கீழே நீர்த்தொட்டியின் மேல் கல் இல்லை. ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் அமைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். நின்றிருந்த பஸ்ஸின் பின்னால், சைக்கிள் ஏற்றும் டிரெய்லரின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல். நாம் எலுமிச்சம்பழம் வைக்கும் இடத்தில் பஸ் டிரைவர் வசம்புக் கல்லை அண்டக் கொடுத்திருந்தார்.

ஓடிப்போய் உருவினேன். டிரெய்லர் அசைந்தது. டிரைவர் ஜெர்மனில் கத்தினார். நான் கல்லை நெஞ்சோடு அணைத்து, "பேபி! பேபி!" என்றேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் சட்டென்று கனிந்தது. பஸ் கதவைத் திறந்து, காசு வேண்டாம் என்று சைகை செய்தார். உள்ளே மெத்தை இருக்கை தெரிந்தது. என் தொடைகள் இரண்டும் அழுதன.

"நோ, தேங்க்யூ."

இந்த முறை கால்கள் பறக்கவில்லை. முதல் ஏற்றத்தின் ரகசியம் என் உடற்தகுதி அல்ல என்பது வளைவுக்கு வளைவு விளங்கியது. கடைசிக் கொஞ்ச தூரம் இறங்கித் தள்ளினேன். (தள்ளுவது சபதத்தில் சேராது.) பஸ் என்னைத் தாண்டியபோது உள்ளிருந்தவர்கள் எல்லோரும் பரிதாபமாகக் கையசைத்தார்கள்.

போல்சானோவில் நிவேதா துணியைப் பிரித்து, கல்லை முகர்ந்து பார்த்தாள்.

"இங்க டாக்டர் எதையும் ஒரசிக் குடுக்கக்கூடாதுங்கறாங்க அக்கா" என்றாள் பிறகு. "அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

வீடியோ காலில் ஆன்ட்டி பேத்தியை ஒரு தரம் பார்த்தார், கல்லை ஒரு தரம் பார்த்தார். "வந்து சேந்துருச்சா கண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லையா, பேத்தியையா, எதைக் கேட்டார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது வீட்டைப் பூட்டும்போதெல்லாம் கார்த்திக், "போன், சாவி, கல்லு?" என்று கேட்கிறான். அபார்ட்மென்ட்டில் மற்றவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நிவேதா அந்தக் கல்லில் பூண்டு நசுக்குகிறாள். ஆன்ட்டிக்குக் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. நான் பஸ் ஏறவில்லை.