ஐஸ் மாமாவின் ஜப்பான் மரம்

குளிர்காலத்தைச் சாக்குப் பையில் கட்டி, டிராமில் ஏற்றி மயிலாப்பூருக்குக் கொண்டுவந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஐஸ் மாமா. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். தபால்காரர் கூப்பிட்டால்தான் அவருக்கே அது ஞாபகம் வரும்.

எனக்குக் கல்யாணமான புதிது. குளத்துக்கு மேற்கே, ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடித்தனங்கள் இருந்த வீட்டில் நாங்கள் ஒரு பக்கம், மாமாவும் கோமளம் மாமியும் எதிர்ப் பக்கம். அவர்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது. மாமா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பான் காப்டன் ஒருவருக்கு ஏதோ உபகாரம் செய்யப்போக, அவர் ஒரு பொட்டலம் விதையும் ஒரு படமும் கொடுத்துவிட்டார். படத்தில் ஒரு தட்டு. அதில் முழங்கை உயரத்துக்கு ஒரு கிழட்டு மரம். பைன் மரமாம். "மறுபடி வரும்போது உங்கள் மரத்தைப் பார்க்க வேண்டும்" என்று காப்டன் சொல்ல, மாமாவும் கைகுலுக்கி வாக்குக் கொடுத்துவிட்டார். பிடித்தது சனியன்!

விதையை ஊறவைத்து, சில வாரம் குளிரில் வைக்க வேண்டுமாம். பனிக்காலம் வந்து போய்விட்டது என்று நம்பினால்தான் அது முளைக்குமாம். மார்கழியிலும் விசிறி தேடுகிற ஊரில் குளிருக்கு எங்கே போவது? மாமா தினமும் ஆபீஸ் விட்டதும் ஒரு ஐஸ் பாளத்தை வாங்கி, மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி டிராம் ஏறினார். என் வீட்டுக்காரர் அதே டிராமில் இரண்டு பெஞ்சு தள்ளி, யாரோ எவரோ என்று உட்கார்ந்திருப்பாராம்.

"இன்னா சாமி, பையில இன்னா கீது? வண்டியெல்லாம் ஒழுகிக்கினு கீதே!" என்றாராம் கண்டக்டர்.

"குளிர்காலம்ப்பா."

"இன்னா காலம்?"

"விதைக்குக் குளிர்காலம் வேணும். ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்."

கண்டக்டர் பையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அதுக்கு டிக்கெட் வாணாம், நைனா. மயிலாப்பூர் வர்றதுக்குள்ள கோடை வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

எப்படியோ சில விதைகள் முளைத்தன. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். குளித்துவிட்டு வருகிறவர்கள் சொம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை, முற்றத்தில் எந்தத் தொட்டி இருந்தாலும் ஊற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அத்தனை குடித்தனமும் பக்தியோடு ஊற்றியதில் ஜப்பான் குஞ்சுகள் அழுகத் தொடங்கின. மாமா பதறிப்போய், 'இது துளசி அல்ல' என்று அட்டையில் எழுதிச் செருகினார். மறுநாள் காலையில் தொட்டிக்குக் குங்குமம் வைத்திருந்தது.

பின்கட்டு மாமி மாமாவையே நிறுத்திக் கேட்டாள்: "துளசி இல்லேன்னா இது எந்த சுவாமி, சொல்லுங்கோ. அதுக்குத் தகுந்தாப்பல நைவேத்தியம் பண்ணணுமோல்லியோ?"

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரு சிட்டிகை விதை. மணல் கலக்க வேண்டும் என்று காப்டன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறு தாண்டித் திருவான்மியூர் வரை போய், கடலோரச் சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்தார். புதுத் தொட்டியைத் தன் ஜன்னலிலேயே வைத்துக் காவல் காத்தார். ஒரே ஒரு முளை வந்தது. எங்கள் எல்லோருக்கும் பாயசமும் வந்தது!

பைன் வருஷத்துக்கு ஒரு விரற்கடைதான் வளரும் என்று சொல்லியிருந்தாராம் காப்டன். இதுவோ வெட்ட வெட்ட ஜன்னல் கம்பியைத் தாண்டியது. "மெட்ராஸ் வெயில் அதுக்கு ஒத்துண்டுடுத்து போலிருக்கே!" என்று மாமா குழம்பிப்போய், பாக்குவெட்டியால் அதை நறுக்கிக்கொண்டே இருந்தார். என் வீணையின் அறுந்த தந்தியை வாங்கிப்போய்க் கிளைகளை வளைத்துக் கட்டினார். ஆபீஸிலிருந்து வந்தால் காப்பிக்கு முன்னால் மரம்தான்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்த சவுக்கு விறகில் பச்சை நுனி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கேயோ பார்த்த ஜாடையாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய் மாமா தொட்டியின் பக்கத்தில் பிடித்தேன். அச்சு அசல்!

"மாமி, இது பைன் இல்லை! மணலோட வந்த சவு..."

மாமி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "நேக்குத் தெரியாதாடி? தினம் அதைத்தானே அடுப்புல வைக்கறேன்! இந்த மனுஷர் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தியோ, இனிமே நோக்கு உறைமோர் கிடையாது."

அன்றிலிருந்து மாமா வருவதற்குள் விறகுக் கட்டில் இருக்கும் பச்சையையெல்லாம் உருவிப் போடுவது எங்கள் இருவர் வேலை.

மூன்றாம் வருஷம் மாமா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "கோமளம்! காப்டன் ஞாயித்துக்கிழமை ஆத்துக்கே வரார்!"

மாமி விறகுக் கட்டைத் திரும்பிப் பார்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "பூனை தள்ளிடுத்துன்னு சொல்லிடலாமாடி?" என்று தொட்டியில் கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டாள். "முடியலைடி. தினம் நானும்தானே தண்ணி விட்டேன்."

காப்டன் வந்தார். குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பைன்?" என்று கேட்டார்.

"யெஸ் சார்! யுவர் பைன்!" மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

காப்டனின் பார்வை மெல்லச் சமையல் கட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே விறகு அடுக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு மாமி நின்றாள். பெரிய மனுஷர் பார்க்கிறாரே என்று பதறிக் கைகூப்பினாள் பாருங்கள், முந்தானை நழுவி விறகு பூராவும் தெரிந்துவிட்டது.

காப்டன் விறகைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். நிமிர்ந்து நின்று, அந்த மரத்துக்கு இடுப்பு வளையக் குனிந்து ஒரு வணக்கம் போட்டார். "வெரி குட் மெட்ராஸ் பைன்" என்றார். பிறகு மாமிக்கு, அதைவிடத் தாழக் குனிந்து இன்னொரு வணக்கம்.

"கேட்டியோ கோமளம்! மெட்ராஸ் பைனாம்! தனி ஜாதி!" என்று மாமா முற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். மாமி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

காப்டனுக்குத் தெரிந்திருக்குமோ? மாமாவுக்கே தெரிந்திருக்குமோ? அவர் தினமும் டிராமுக்குப் போகிற வழியில்தானே சவுக்கு விறகுக் கடை இருந்தது! எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

நாங்கள் தியாகராய நகருக்குக் குடிவந்து நாளாயிற்று. இங்கே நான் புளிய விறகுதான் வாங்குகிறேன். சவுக்கு இன்னும் நன்றாக எரியுமே என்று என் வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். எரியும்தான். மாமா வீட்டுப் பிள்ளையை நான் எப்படி அடுப்பில் வைப்பேன்?