கருடன் தூக்கிய கயல்

வெயிலில் மீன் நாறும் என்பது தெரியாத ஆள் மதுரை ஜில்லாவில் ஒருவன் இருந்தான் என்றால், அது நான்தான். அதிலும் நான் வாத்தியார். (சித்திர வாத்தியார்தான். இருந்தாலும் வாத்தியார்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தல்லாகுளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. உசிலம்பட்டியில் இருந்த தாய்மாமன் மகள் செல்லத்தைக் கட்டிக்கொள்ள நான் தயார். அவளும் தயார் என்று கேள்வி. மாமாதான், "மொதல்ல வேலைய நிரந்தரமாக்கிட்டு வாங்க மாப்ள, பெறகு பேசுவோம்" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவில், பாண்டிய மன்னனின் வெற்றி ஊர்வலத்தை மைதானத்தில் நடித்துக் காட்ட ஏற்பாடு. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"மீன் கொடி அசல் மாதிரியே இருக்கணும். விழா முடிஞ்சதும் கண்ணாடி போட்டு நம்ம மியூசியம் அறையில மாட்டப்போறோம். நல்லா அமைஞ்சா, உம்ம வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுறேன்."

சிவப்புத் துணி வாங்கினேன். வெள்ளைத் துணியில் இரண்டு கயலை வெட்டி, அதன்மேல் தைத்து, வெள்ளி வர்ணம் பூசினேன். தள்ளி நின்று பார்த்தால் இரண்டு கத்திரிக்காய். மீன் என்றால் மின்ன வேண்டாமா? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. (மூளை உள்ளவனுக்கு வராது.) நேராக மீன் கடைக்குப் போய்க் கெண்டைச் செதில் கேட்டேன்.

"செதிலு மட்டுமா? கொழம்புக்கு மீனு வேணாமா சாமி?" என்றாள் கடைக்காரி.

"கொழம்புக்கு இல்லம்மா, பாண்டியனுக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காசு வாங்காமல் ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தாள். பாவப்பட்டிருப்பாள்.

புளியங்கொட்டைப் பசையில் ஒவ்வொரு செதிலாக ஒட்டினேன். கொடி ஜொலித்தது. வீச்சத்துக்குச் சாம்பிராணி போட்டேன். விழா அன்றைக்குப் பாண்டிய மன்னன் வேஷம் கட்டியிருந்த கணக்கு வாத்தியார், என் கூட்டாளி, மூக்கைச் சுளித்தான்.

"மாப்ள, என்னடா இம்புட்டு வாடை?"

"பழைய காலத்து வாடைடா. அசல்னா அப்படித்தான்."

நாலு மணி வெயிலில் ஊர்வலம் கிளம்பியது. கொடியை நான்தான் பிடித்துவந்தேன். முன்வரிசையில் மாமா, பக்கத்தில் செல்லம். முதலில் நாலு காக்கை வந்தன. பிறகு நாற்பது. திடீரென்று எல்லாம் கலைந்து ஓட, உச்சியில் ஒரு கருடன் வட்டமிட்டது.

மாமா எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா தாயி, கருடனே வந்திருச்சு!" அவரைப் பார்த்துக் கூட்டம் மொத்தமும் எழுந்து கும்பிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொடியை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். (கருடனுக்கு வசதியாக.)

அடுத்த நொடி சர்ரென்று இறங்கியது. சோழ நாட்டையே வென்று வந்த பாண்டிய மன்னன் கிரீடத்தைப் போட்டுவிட்டு, சங்கிலியில் கட்டியிருந்த சோழ ராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். நான் கம்போடு குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஒரு கயல் வைகைப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கருடன் அதை உதறிக் கீழே போட்டுவிட்டுப் போனது. என் வேலை, கல்யாணம் இரண்டும் அதோடு சேர்ந்து விழுந்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஹெட்மாஸ்டர் ஒற்றை மீன் கொடியை மோந்து பார்த்தார். தலையைத் தூரமாக இழுத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"நம்ம விழாவுல கூட்டம் எந்திரிச்சு நின்னு இன்னைக்குத்தான் ஓய் பாக்குறேன். மியூசியத்துக்கு வேற கொடி செஞ்சு தாரும். வர்ணம் மட்டும் பூசும். கடுதாசி எழுதிடுறேன்."

மாமாவோ கடுதாசிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "கருடனே வந்து கைநீட்டி வாங்கிட்டுப் போன பிள்ளைக்கு நான் பொண்ணு தரமாட்டேன்னா சொல்லுவேன்?" என்று அங்கேயே நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மீன் வாங்கினால், "செதில எடுத்து வைக்கவா, கொடிக்கு ஆகும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போன வாரம் அப்படிக் கேட்டபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிங்க, சிரிங்க. நான் செஞ்ச மீன நெசம்னு நம்பிக் கருடனே எறங்குச்சு. எந்தச் சித்திரக்காரனுக்கு அந்தப் பாக்கியம் கிடைச்சிருக்கு?"

மீன் அலசிக்கொண்டிருந்த செல்லம் தலையைத் தூக்கவில்லை.

"கீழ போட்டுட்டுல்ல போச்சு."