புஷ்பலதா சமாதிக்கு டிக்கெட் வாங்கினேன்

சிலிபின், ஈப்போ
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் தனேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரர் அர்ச்சுனன் எழுதுவது. கிள்ளானில் நீங்களும் தங்கச்சி குமுதாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கு நான் நலம். உயிரோடும் இருக்கிறேன், அதைத் தனியாக எழுத வேண்டி வந்த காரணம் கீழே இருக்கிறது. பதினொரு வருடமாக நீங்கள் என்னோடு பேசுவதில்லை. போன் அடித்தால் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும்.

செமோர் பக்கம் நம் பழைய தோட்டத்தில் ரப்பர் போய், செம்பனை போய், வீடுகள் வந்து, இடுகாடு மட்டும் மிச்சம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சுற்றிக் காட்ட இப்போது ஈப்போவிலிருந்து வேன் வருகிறது. பேய்ச் சுற்றுலாவாம். முதலில் வெள்ளைக்காரத் துரை கல்லறை, கடைசியாக உங்கள் அக்காள் புஷ்பலதா. இது தெரியாமல் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல பொழுது சாயும் நேரத்தில் வேட்டி கட்டி, விபூதி பூசி, கையில் விளக்கோடு போனால், இருபது பேர் ஒரே குரலில் அலறுகிறார்கள். பயத்தில் நானும் "ஐயோ" என்று கத்த, தைரியமாக நின்ற நாலு பேரும் ஓடிவிட்டார்கள். ஒரு சீனக் கிழவர் மட்டும் ஓடாமல் என் காலடியில் குந்திக்கொண்டு, "ஹந்து, நொம்போர் காசி லா" என்றார். பேயிடம் லாட்டரி நம்பர் கேட்கிறார். எனக்கு வாயில் வந்தது என் அடையாளக் கார்டு நம்பர்தான். கடைசி நாலு இலக்கத்தைச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் வேட்டிக்குப் பதில் சிலுவார், தொப்பி போட்டுக்கொண்டு நானும் ஒரு டிக்கெட் வாங்கி வேனில் ஏறினேன். வழிகாட்டி ஷான் என்ற டவுன் பையன். வயதானவர் என்று என்னைக் கைபிடித்து இறக்கி, என் மனைவி சமாதிக்கு முன்னால் நிறுத்திச் சொன்னான்: "இந்த லேடிய ஹஸ்பண்டே கொன்னுட்டாரு. அப்புறம் மனசு தாங்காம, அதோ அந்த ரம்புத்தான் மரத்துல தூக்கு மாட்டிக்கிட்டாரு. வெள்ளிக்கிழமையானா வெளக்கோட வருவாரு. நேத்துகூட வந்தாரு லா!" எல்லாரும் மரத்தைப் படம் எடுத்தார்கள். நானும் கூட்டத்தோடு அண்ணாந்து பார்த்தேன்.

திரும்பும்போது அவனைப் பிடித்து, "தம்பி, அந்த ஹஸ்பண்டு நான்தான்" என்றேன். ஒரு நிமிடம் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாரி அங்கிள், குழி வெட்டுற சன்னாசிதான் சொன்னாரு" என்றான். சன்னாசியிடம் போனால், "நான் பொய் சொல்லலண்ணே. குழி மூடுறப்ப அவங்க தம்பி, ‘எங்கக்காவ கொன்னுட்டீங்களே மச்சான்’னு மண்ணுல பொரண்டு அழுதாரு. அதத்தான் சொன்னேன்" என்கிறான். சாவு வீட்டில் அழுகிறவர்கள் கொன்னுட்டான், கெடுத்துட்டான் என்று ஆயிரம் சொல்வார்கள்; இங்கிலீஷ் படித்த பிள்ளைக்கு அது எங்கே தெரியும்? வாக்குமூலம் மாதிரி எழுதிக்கொண்டுவிட்டான்.

ஷான் கதை சொல்வதை வேனில் வந்த யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றி, இப்போது நான் தேத்தண்ணி குடிக்கும் கடையில் என் மேசையில் ஒருத்தரும் உட்காருவதில்லை. "அவங்க தம்பியே வந்து இல்லன்னு சொல்லட்டும் அங்கிள், கதைய மாத்திடறேன்" என்கிறான் ஷான். மச்சான், அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒரு நாள் வந்து, அழுகையில் வந்த வார்த்தை அது என்று சொல்லிவிடுங்கள். அவளுக்குத் திடீரென்று மாரடைப்பு வந்தது, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆஸ்பத்திரித் தாளையும் இதோடு வைக்கிறேன், அவனிடம் காட்டுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு என்னையும் அவள் பக்கத்தில்தான் புதைப்பார்கள். வாரா வாரம் ஒருவன் தலைமாட்டில் நின்று என்னைக் கொலைகாரன் என்பான், எழுந்து பதில் சொல்லவும் முடியாது.

தங்கச்சிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசியும். நீங்கள் எல்லாரும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
அர்ச்சுனன்

பி.கு.: உறையில் வைப்பதற்காக ஆஸ்பத்திரித் தாளை எடுத்தேன். பதினொரு வருடத்தில் இன்றுதான் பிரித்துப் படிக்கிறேன். ‘காலை ஏழு மணியிலிருந்து நெஞ்சு வலி’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவளே சொல்லியிருக்கிறாள். என்னிடமும் ஏழு மணிக்கே சொன்னாள். அன்று கோயில் கமிட்டித் தேர்தல். "வாயுவாத்தான் இருக்கும், சுக்குத்தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணிக்குச் செயலாளராகத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். நீங்கள் அன்று வெறும் அழுகைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஷானிடம் வந்து எதையும் மறுக்க வேண்டாம். நான் தூக்கு மாட்டிக்கொண்டேன் என்பது மட்டும்தான் பொய்.